கோமதியம்மாள் போட்ட கணக்கு

அத்தியாயம் 14

போன வாரம் கேசரித் தட்டோடு நிறுத்தியிருந்தோம். அந்தக் கேசரி குத்துக்கல்வலசையில் அவர்கள் தெருவின் பதினொரு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் கோமதியம்மாள், "சும்மாத்தான், ரவை கெடந்துச்சு" என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. முகம் மொத்தத்தையும் ஒப்பித்துவிட்டது. மறுநாள் காலையில் பால்காரர் கேட்காமலே அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி, "வயித்துப் புள்ளைக்காரி குடிக்கட்டும் ஆச்சி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மருமகள் உமாராணி உண்டாகியிருக்கிறாள். மூன்று மாதம்.

இதில் ஒரே ஒரு சிக்கல். உமாராணி உண்டாகவில்லை.

கோமதியம்மாள் இந்தக் கணக்கை எப்படிப் போட்டாள் என்பதை, இந்த வாரம்தான் படிக்க வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். கோமதியம்மாள், உமாராணி, இரண்டேகால் வயதுப் பேச்சி. பெரியவர் காலமாகி ஆறு வருடம். மகன் மகாராஜா பட்டாளத்தில். சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றுவது உமாராணியின் பாடு. மாதத்தில் அந்த மூன்று நாள் மட்டும், "அத்தே, இன்னைக்கு நீங்க ஏத்திருங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. வைகாசியில் அந்தப் பேச்சு வரவில்லை. ஆனியிலும் வரவில்லை. சித்திரையில் மகாராஜா இருபது நாள் லீவில் வந்து போயிருந்தான். போதாதா?

கோமதியம்மாள் ஜாடையாகக் கேட்டபோது உமாராணி தலையைக் குனிந்தாள். பயத்தில் குனிந்தாள். மாமியார் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு ரவையை வறுக்கப் போய்விட்டாள். அன்றைக்கே மகனுக்கும் போன் பறந்தது. அவன் மகிழ்ச்சியில் கத்தியது அடுப்படி வரைக்கும் கேட்டது. லீவுக்கு எழுதிப்போட்டு, கிடைத்ததும் ரயிலேறிவிட்டான். நாளைக் காலை பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசியில் இறங்குகிறான்.

உண்மை என்னவென்றால், போன வருடம் புரட்டாசியிலிருந்து உமாராணி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் முத்துசெல்வியிடம் போய்க் கையில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள். பிள்ளை தங்காமல் இருக்க அரசாங்கத்தில் இலவசமாகப் போடுகிற ஊசி. சிலருக்கு அதில் மாதவிலக்கே நின்றுவிடும். உமாராணிக்கு மூன்றாவது ஊசியோடு நின்றுவிட்டது. அதனால்தான் விளக்கு ஒரு நாள்கூடக் கை மாறவில்லை.

அவளுக்குப் பிள்ளை வேண்டாம் என்றில்லை. பேச்சிக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். ஆனால் பேச்சி பிறந்த அன்று உமாராணி செத்துப் பிழைத்தவள். பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. ஏழு பாட்டில் ஏற்றினார்கள். "மூணு வருஷமாவது போகட்டும், இந்த உடம்பு இன்னொண்ண இப்போ தாங்காது" என்று டாக்டரம்மா சொன்னது அவள் காதிலேயே நிற்கிறது. போன மாதம் பார்த்தபோதுகூட ரத்த அளவு ஒன்பதைத் தாண்டவில்லை. அவளுக்குப் பயம். சாதாரணப் பயமில்லை. பேச்சி தூங்கும்போது அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ராத்திரியெல்லாம் விழித்திருக்க வைக்கிற பயம்.

ஏன் வெளியே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு, புருஷன் ஊரில் இல்லாத நேரத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி எதற்கு என்று தெரு கேட்கும். உமாராணியிடம் பதில் இருந்தது. கேட்கிறவர்கள்தான் பதிலுக்கு நிற்கமாட்டார்கள். மாத்திரை என்றால் அட்டையை ஒளித்துவைக்க வேண்டும். இந்த ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டால் ஒரு தடயமும் இல்லை. இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஆடி முதல் வெள்ளி. காலையிலிருந்தே மலைப்பக்கம் மேகம் இறங்கிக் கிடந்தது. காற்றில் சாரல் கலந்து வந்தது.

"ஏட்டி உமா, குடத்தத் தூக்காத. அங்கனயே வை."

"அரைக் குடம்தான் அத்தே."

"அரையோ முக்காலோ. வச்சிரு."

உமாராணி வைத்தாள். மூன்று வாரத்துக்கு மேலாக இப்படித்தான். குனியக் கூடாது, நிமிரக் கூடாது, ஒற்றையில் தெருமுனைக்குக்கூடப் போகக் கூடாது. அதனால் அடுத்த ஊசிக்கான தேதி வந்து, தாண்டியும் போய்விட்டது. எப்போது செருப்பை மாட்டினாலும், "இரி, நானும் வாரேன்" என்று மாமியாரும் செருப்பை மாட்டினாள்.

போன் முனகியது. முத்துசெல்வி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். உமாராணி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"உமா, இன்னைக்குக் கண்டிப்பா வந்துரு. தேதி தாண்டி நாலு வாரம் வரைக்கும்தான் போடலாம். அது திங்கக்கிழமையோட முடியுது. நாளையிலருந்து மூணு நாளு நான் கேம்ப். ஒன் வீட்டுக்காரரு வேற நாளைக்கு வாராருங்காவ. மூணரை மணி வரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

வெளியே வந்தால், கோமதியம்மாள் பட்டுக்கரைச் சேலையும் பிளாஸ்டிக் கூடையுமாக நிற்கிறாள்.

"குத்தாலம் போயிட்டு வந்துருவோம். கோயில்ல ஒரு அர்ச்சன. அப்படியே நான் ஒரு முழுக்குப் போட்டுக்கிடுதேன். நீ அருவிப் பக்கமே வரக் கூடாது. அந்தத் தண்ணி அடிக்கிற அடிக்கு வயித்துக்காரி நிக்கக் கூடாது."

உமாராணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே கால். மாமியாரைப் பிடிக்காமல் இருந்தால் அவளுக்குப் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். பிடிக்கும். அதுதான் கஷ்டம்.

குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. சீசன், அதுவும் வெள்ளிக்கிழமை. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது கோமதியம்மாள் மருமகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி அர்ச்சகரிடம் இன்னும் ஏதோ சொன்னாள். அவர் உமாராணியைப் பார்த்துச் சிரித்து, கை நிறையக் குங்குமம் கொடுத்தார்.

பெண்கள் பக்கம் அருவியில் கோமதியம்மாள் அரை மணி நேரம் நின்றாள். உமாராணி மாற்றுச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிற பேச்சியை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். அத்தே, ஒண்ணு சொல்லணும். அத்தே, கோவப்படக் கூடாது. அத்தே, டாக்டரம்மா அன்னைக்குச் சொன்னாவல்லா. எப்படித் தொடங்கினாலும் மூன்றாவது வார்த்தைக்கு மேல் ஓடவில்லை.

கோமதியம்மாள் நடுங்கிக்கொண்டே வெளியே வந்தாள். ஐம்பத்தெட்டு வயது முகம் குழந்தை முகமாக இருந்தது. வந்தவள் சேலையை வாங்கவில்லை. அருவித்தண்ணீர் சொட்டுகிற கையை முந்தானைக்கு மேலாக உமாராணியின் வயிற்றில் வைத்தாள்.

"சாமி தண்ணி" என்றாள். "உள்ள இருக்கிறவன் ஒரு முழுக்குப் போட்டாச்சு."

உமாராணிக்கு அழுகை வந்துவிட்டது. சாரல் அடித்ததால் தெரியவில்லை.

கடைத்தெருவுக்கு வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வழியெல்லாம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்து கிடந்தன. ஒரு தள்ளுவண்டியில் அன்னாசியை வில்லை வில்லையாக நறுக்கி மிளகாய்ப்பொடி தூவி வைத்திருந்தார்கள். பேச்சி அதைக் கேட்டு அடம்பிடித்தது. கோமதியம்மாள் வாங்கிக் கொடுத்தாள். பேச்சி ஒரு கடி கடித்து, காரம் என்று முகத்தைச் சுளித்து அம்மாவிடம் நீட்டியது. உமாராணியின் புத்தி முழுக்க மூன்றரை மணியில் இருந்தது. பிள்ளை மிச்சம் வைத்ததைத் தாய் வாயில் போடுகிற பழக்கத்தில் போட்டுவிட்டாள்.

கோமதியம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னட்டி செய்யுத? துப்பு. அன்னாசியப் போயித் திங்குதியே. மூணு மாசம் நெறஞ்ச நேரம், கரைஞ்சிரும்லா. துப்புட்டி."

தள்ளுவண்டிக்காரர் பார்த்தார். பக்கத்தில் நின்ற நாலு பேர் பார்த்தார்கள். உமாராணி துப்பினாள். துப்பிய வாயோடு, ஒத்திகை பார்த்த எதுவும் இல்லாமல், சொல்லிவிட்டாள்.

"எனக்கு வயித்துல ஒண்ணுமில்ல அத்தே."

கோமதியம்மாளின் கை அப்படியே நின்றது. ஒரு கணம்தான். பிறகு அந்த முகம் கலங்கியது. மருமகளின் தோளைப் பிடித்துக் கடை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"எப்பட்டி போச்சு? என்னைக்கு? ஐயோ, ஒத்தையில அனுபவிச்சிருக்கியே. எங்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்லா. ஒன் உடம்பு எப்படி இருக்கு? வலி இருக்கா?"

சொல்லிக்கொண்டே அழுதாள். பிள்ளை கலைந்துவிட்டது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

உமாராணி தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். அத்தோடு எல்லாம் முடிந்தது. பழி இல்லை, கோபம் இல்லை. ஒரு மாதத்துக்கு நாட்டுக்கோழிச் சாறு, ஓய்வு, தெரு முழுக்க அனுதாபம். மகாராஜாவும் ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சை எடுக்கமாட்டான். ஊசி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இப்படி ஒரு வசதியான பொய்யை எதிராளியே கையில் கொண்டுவந்து கொடுப்பது ஆயுளில் ஒருமுறைதான் நடக்கும்.

தலை ஆடவும் பார்த்தது. ஆனால் எதிரே அந்த அம்மாள் ஈரத்தலையோடு, ஊரார் முன்னால், வராத பிள்ளைக்காக விம்மிக்கொண்டிருந்தாள். தன்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிற ஒருத்தியை இல்லாத துக்கத்துக்கு அழவைக்க உமாராணிக்கு மனசு வரவில்லை.

"அழாதீங்க அத்தே. போகல. வரவே இல்ல. நான் ஊசி போட்டிருக்கேன்."

"என்ன ஊசி?"

"புள்ள தங்காம இருக்கிறதுக்கு. மூணு மாசத்துக்கு ஒண்ணு. நர்ஸக்காகிட்ட. அது போட்டா எனக்குத் தூரம் வாரதில்ல. அதான் வெளக்கு நானே ஏத்திட்டிருந்தேன்."

கோமதியம்மாள் அழுகையை நிறுத்தினாள். துண்டால் முகத்தைத் துடைத்தாள். பேச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். உமாராணி கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பஸ்ஸுக்குத்தான் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. வந்ததெல்லாம் கூட்டமாகவே வந்தது. இடம் கிடைத்து ஏறும்போது இரண்டரை. பக்கத்தில் காலியாக இருந்தும் கோமதியம்மாள் முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். உமாராணிக்கு அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியது. கொண்டை திரும்பியது.

"ஏட்டி, நீ வெளக்கு ஏத்தும்போதெல்லாம் நான் பின்னால நின்னு பேரனுக்காகக் கும்பிட்டேன்லா."

முன்னும் பின்னும் ஆட்கள் திரும்பினார்கள். கோமதியம்மாள் எழுந்து உமாராணியின் சீட்டுக்கே வந்துவிட்டாள். கோபத்தை ரகசியமாகக் காட்டவேண்டியிருந்ததால் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று.

"நான் கணக்குப் போட்டுட்டிருந்தது ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாத்துட்டே இருந்திருக்க. பதினோரு வீட்டுக்குக் கேசரி குடுத்திருக்கேன். இனி அந்தத் தெருவுல நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு நடப்பேன்?"

"தப்புதான் அத்தே."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கெட்டுன புருஷங்கிட்டயும் சொல்லலியா? ஏன்?"

உமாராணி இத்தனை நாள் வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது இதுதான். மெதுவாகத்தான் சொன்னாள்.

"எதுக்கு ஊசின்னு கேப்பாவ. அதச் சொல்லணும்னா ஆஸ்பத்திரியில நடந்தத சொல்லணும். அத எப்பவுமே அவியகிட்ட சொல்லக் கூடாதுன்னு நீங்கதான அத்தே கட்டில் பக்கத்துல நின்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனீங்க?"

கோமதியம்மாள் பேச்சியின் சட்டையை இழுத்துவிட்டாள்.

அந்தத் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் போலீஸோ பட்டாளமோ உண்டு. அந்த வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு சட்டம். எல்லையில் நிற்கிறவனுக்கு வீட்டுக் கவலை போகக் கூடாது. போனில் நல்ல சேதி மட்டும்தான். அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்ததை மகாராஜாவிடம் "லேசா வாயு" என்று சொன்னவள் கோமதியம்மாள். பேச்சி பிறந்த அன்றும் அதே குரலில், "தாயும் புள்ளையும் நல்லாருக்காவ, நீ அங்கன நிம்மதியா இரு" என்றுதான் சொன்னாள். சொல்லும்போது உமாராணி தீவிர சிகிச்சையில் கிடந்தாள். இரண்டு மாதம் கழித்து அவன் வந்து, "என்னம்மா, இவ இப்படி எளைச்சுட்டா" என்று கேட்டான். "பால் குடுக்கிறவ அப்படித்தான் இருப்பா" என்று அதையும் மூடினாள்.

ஆக, மகாராஜா அடுத்த பிள்ளைக்கு ஆசைப்பட்டதில் ஒரு குற்றமும் கிடையாது. அவனுக்கு எதுவுமே தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது இரண்டு பெண்கள். அதில் பெரியவள் இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. உமாராணி கூடையோடு எழுந்தாள். கோமதியம்மாள் அசையவில்லை.

"எறங்கலியா அத்தே?"

"அந்த நர்ஸு அடுத்த ஸ்டாப்புலதான இருக்கா?"

உமாராணி அப்படியே உட்கார்ந்தாள்.

"சம்மதிச்சுட்டேன்னு நெனைக்காத" என்றாள் கோமதியம்மாள். "எனக்கு அவகிட்டக் கேக்க வேண்டியது இருக்கு."

துணை சுகாதார நிலையத்தில் முத்துசெல்வி பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். உமாராணியைப் பார்த்து முகம் மலர்ந்தவள், பின்னால் வந்த மாமியாரைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பதினெட்டு வருட சர்வீஸில் அவள் பார்க்காத மாமியார் இல்லை.

"உக்காருங்க ஆச்சி."

"இருக்கட்டும். இந்த ஊசி போட்டா கர்ப்பப்பை வத்திப் போகும்ங்காவளே, நெசமா?"

"அப்படியெல்லாம் ஆகாது ஆச்சி. வேணும்னு நெனைக்கும்போது நிறுத்திட்டா மறுபடி உண்டாகலாம். ஒடனே ஆகாது, ஏழெட்டு மாசம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். அத இவகிட்ட மொத ஊசிக்கு முன்னாலயே சொல்லிட்டேன்."

"தூரம் நின்னு போச்சுங்காளே. அந்த ரத்தம் எங்க போகும்? உள்ளயே கெட்டிக் கெடக்காதா?"

"உண்டானாத்தான கெட்டிக் கெடக்கும்? உள்ள உண்டாகவே செய்யாது. இவ உடம்புக்கு அது மிச்சம். காப்பர் டி வைக்கலாம்னுதான் மொதல்ல பேசுனோம். அதுல ரத்தப்போக்கு கூடினாலும் கூடும்னு இவ பயந்தா. அதான் இது."

கோமதியம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஏன், எல்லாத்துக்கும் பொம்பளதான் கைய நீட்டணுமா? ஆம்பளைக்குன்னு ஒண்ணும் கெடையாதா?"

முத்துசெல்வி சிரித்துவிட்டாள். "இருக்கு ஆச்சி. நான் இந்தச் சுத்து வட்டாரத்துல வீடு வீடாப் போயிச் சொல்லியிருக்கேன். கேட்டா பலம் போயிரும்ங்காவ. நீங்க வேணும்னா ஒங்க மகங்கிட்டக் கேட்டுப் பாருங்க."

"நான் எப்படிட்டி கேப்பேன்" என்றாள் கோமதியம்மாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது.

"தேதி தாண்டியிருக்கு. எதுக்கும் ஒரு தடவ பாத்துட்டே போட்டிருவோம்" என்று முத்துசெல்வி கர்ப்பச் சோதனை அட்டையைக் கொடுத்தாள். உமாராணி உள்ளே போய்வந்தாள். அட்டையை மேஜைமேல் வைத்தார்கள். இரண்டு கோடு வந்தால் பிள்ளை உண்டு. கோமதியம்மாள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு கிட்டப் போனாள். ஒரு கோடு மெல்லச் சிவந்தது.

"இன்னொண்ணு வர நேரமாகுமா?" என்று கேட்டாள்.

அதைக் கேட்ட விதத்தில் முத்துசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. "அஞ்சு நிமிஷம் பாப்போம் ஆச்சி."

மூன்று பேரும் பார்த்தார்கள். பேச்சியும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தது. இன்னொரு கோடு வரவில்லை. கோமதியம்மாள் ஐந்து நிமிடத்துக்கு மேலும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அவள் மனசுக்குள் உருண்டு புரண்டுகொண்டிருந்த ஒரு பேரன் அந்த மேஜைமேல்தான் இல்லாமல் போனான்.

"எனக்கு ஆசதான்" என்றாள் கடைசியில். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பேரன் வேணும். இப்பவும் வேணும். ஆனா அன்னைக்கு அந்த வராண்டாவுல நான் நின்னேன் நர்ஸம்மா. இவள உள்ள தள்ளிட்டுப் போகும்போது செருப்பக் கழத்தி என் கையில குடுத்தாவ. அந்தச் செருப்ப வச்சிக்கிட்டு நாலு மணி நேரம் நின்னேன். கீழ வைக்கப் பயமா இருந்துச்சு."

உமாராணிக்கு இது தெரியாது. மாமியார் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கோமதியம்மாளின் கையைப் பிடித்தாள். அது சில்லிட்டிருந்தது.

"போடு" என்றாள் கோமதியம்மாள். மருமகளின் ரவிக்கைக் கையைத் தானே மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கும்போது உமாராணி சும்மா இருந்தாள். கோமதியம்மாள்தான் கண்ணை மூடினாள்.

மணி மூன்று இருபத்தைந்து.

மூன்றரைக்கு கோமதியம்மாளின் போன் அடித்தது. மகாராஜா. ஸ்பீக்கர் போடாமலே அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, மெட்ராஸ் வந்தாச்சு. பெட்டிய எழும்பூர்ல போட்டுட்டுக் கடைத்தெருவுல நிக்கேன். உமா போன எடுக்கவே மாட்டேங்கா. சின்னச் சட்ட ஒண்ணு எடுத்திருக்கேன், நீலமா மஞ்சளான்னு அவகிட்டக் கேளு."

கோமதியம்மாள் மருமகளைப் பார்த்தாள். நல்ல சேதி மட்டும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அந்த வாய்க்கு இன்னொரு நல்ல சேதி சொல்ல ஒரு நொடி ஆகாது. அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"ஏலே மகாராஜா. சட்டைய வையி. எங்கனயாவது ஓரமா உக்காரு."

"என்னம்மா?"

"உக்காந்துட்டியா? பேச்சி பொறந்த அன்னைக்கு ஒனக்குப் போன் போட்டேன்லா, தாயும் புள்ளையும் நல்லாருக்காவன்னு. அது பொய்லே. புள்ளதான் நல்லாருந்தா."

அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் தாழ்ந்த குரலில். ஏழு பாட்டில் ரத்தம் என்பது கேட்டது. கையெழுத்துப் போடச் சொன்னாவ என்பது கேட்டது. மலையில நிக்கிற புள்ளைக்கு எப்படிலே சொல்லுவேன் என்பது உடைந்து கேட்டது. உமாராணி பேச்சியை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முத்துசெல்வி பையைக் கட்டுவதாகப் பாவனை செய்தாள்.

கோமதியம்மாள் வந்து போனை நீட்டினாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஒங்கிட்டப் பேசணுமாம். நான் சொன்ன பொய்ய நான் சொல்லிட்டேன். நீ மறைச்சத நீ சொல்லு."

உமாராணி வாங்கினாள். கடைத்தெரு இரைச்சல் மட்டும் கேட்டது. அவன் மூச்சு விடுவது தெரிந்தது.

"நான் ஊசி போட்டுக்கிட்டு இருக்கேங்க. புள்ள தங்காம இருக்க. ஒரு வருஷமா. ஒங்ககிட்டச் சொல்லல."

"அப்ப அம்மா சொன்ன கொழந்த?"

"கொழந்த இல்லங்க" என்றாள் உமாராணி. "நான் இருக்கேன்."

 அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில் மகாராஜா சொன்னான்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம்."

போன் வைக்கப்பட்டது. கோபமா, அழுகையா, வேறு எதுவுமா என்று அந்தக் குரலிலிருந்து உமாராணியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவன் இறங்கும் ரயிலுக்கு அவள் போகாமல் இருந்ததில்லை.

"என்னட்டி சொன்னான்?"

"ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்னுட்டாவ அத்தே."

கோமதியம்மாள் பேச்சியை அவள் மடியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அவன் சொல்லுவான். ரெண்டு பேருமே போறோம். காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சிரு. அவன் எறங்கும்போது முன்னால நான் நிக்கேன். எதுவா இருந்தாலும் மொதல்ல எம்மேல எறங்கட்டும்."